கேட்காமல் அழிக்கும் விசை

ஞ என்ற எழுத்தை மோகனப்பிரியா தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கீபோர்டில் அதற்கு அதிக வேலை கிடையாது. மற்ற எழுத்துகள் கை பட்டாலே எதையாவது செய்து வைக்கும். ஞ வலது ஓரத்தில், சுண்டு விரல் கொஞ்சம் எட்டிப் போனால்தான் கிடைக்கும் இடத்தில், தன் பாட்டுக்குக் கிடந்தது. தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அவள் அதைத் தினமும் மதியம் இரண்டரை மணி வாக்கில், கணவன் தூங்கும்போது, ஒரு முறை, எப்போதாவது இரண்டு முறை அழுத்தினாள்.

கணவன் பெயர் நவநீதன். பம்பு கம்பெனியில் சி.என்.சி. மெஷின்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்து, பிழைப்பதே பெரிய விஷயம் என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு பிழைத்துக்கொண்டார். கை கால் பேச்சு எல்லாம் திரும்பிவிட்டது. பழைய ஞாபகமும் பத்திரமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் இனிஷியல் வரைக்கும் சொல்வார். புதிதாக மட்டும் எதுவும் ஒட்டவில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாமே முதலிலிருந்து.

ஆஸ்பத்திரியில் அப்படி இரண்டு மாதம் இருந்தார்கள். விபரீதம் நடந்த வாரத்தில் மோகனப்பிரியா தலைக்குச் சாயம் போடுவதை விட்டிருந்தாள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் அவளைப் பார்த்து, "ஏன் மோகனா, முடியெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று பதறினார். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அந்தப் பதற்றத்தை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள். மறுபடி அந்த இரண்டு மாதத்துக்குள் போகச் சொன்னால் தன்னால் முடியாது என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

அப்புறம்தான் பெட்டி வந்தது. தீப்பெட்டியில் பாதி அளவு, இடது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில். நடப்பதையெல்லாம் அது துண்டு துண்டாகப் பதிந்துகொள்ளும். மதியத் தூக்கம் வரைக்கும் அவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தத் தூக்கத்தில் தலைக்குள் சேர்க்கும். ஒரு நாளைக்கு முந்நூறு துண்டு சேரும். சேர்க்க முடிந்தது நாற்பது. எந்த நாற்பது என்பது பெட்டிக்குத் தெரியாது, அதற்கு மகள் ரேவதி போனில் பேசியதும் சிலிண்டர் வந்ததும் ஒன்றுதான். "வீட்டில் இருப்பவர்கள் பொறுக்கிக் கொடுத்துவிட வேண்டும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிடுங்கள் என்று சொல்வதுபோல.

முதலில் படம் காட்டும் மென்பொருள்தான் இருந்தது. ஒவ்வொரு துண்டையும் அவர் கண்ணால் பார்த்தபடியே காட்டும். அதில் மோகனப்பிரியா தன்னைப் பார்த்தாள். கலைந்த தலையோடு சோறு வடிக்கிறவளை, பேசும்போது வாயைக் கோணுகிறவளை, அவர் பார்க்கவில்லை என்று நினைத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறவளை. இரண்டே நாளில் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டிக்காரர்களின் வீட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து நடத்திய குழு ஒன்றில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், டெர்மினலுக்குப் போய்விடுங்கள் என்று.

டெர்மினல் என்றால் வெறும் கருப்புத் திரை. அதில் ஒரு ஃபைல் மேனேஜர். படம் கிடையாது, மௌஸ் கிடையாது, வரி வரியாகப் பெயர்கள் மட்டும். 'காலை 7.10, சமையலறை, மோகனா, காபி.' 'காலை 8.05, பால்கனி, மழை.' பெயரைப் பார்த்து வைப்பதா விடுவதா என்று விசையைத் தட்டிக்கொண்டே போகலாம். எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதும் நம் இஷ்டம். ஒரு பட்டியலில் எழுதி வைத்தால் அப்படியே கேட்கும். குழுவில் இந்த ஷார்ட்கட் பட்டியல்களைச் சமையல் குறிப்பு மாதிரி பரிமாறிக்கொண்டார்கள். திண்டுக்கல்லில் ஜெசிந்தா என்று ஒருத்தி, அம்மாவுக்குப் பெட்டி வைத்தவள், முந்நூறு துண்டையும் பதினோரு நிமிஷத்தில் முடிப்பாள். மோகனப்பிரியா அவள் பட்டியலைத்தான் எடுத்து, தன் விரலுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஞ மட்டும் அவளே சேர்த்தது. அன்று காலையில் நவநீதன் கேட்டதைத் தேடிப் பிடித்து அழிப்பது அதன் வேலை. வேறு ஒரு வரியில் நின்று அழுத்தினால் அந்த வரியை அழிக்கும். ஆரம்பத்தில் அது 'அழிக்கவா?' என்று கேட்டது. அழிக்கப்போவதின் பெயரையும் பக்கத்தில் காட்டியது. ஒரு மாதம் அந்தப் பெயரைப் படித்துப் படித்து ஆம் என்று தட்டினாள். பிறகு ஒருநாள் குழுவில், கேள்வி கேட்காமல் அழிக்க என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். ஜெசிந்தா அரை நிமிஷத்தில் ஒரு வரியை அனுப்பினாள். எந்த ஃபைலுக்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் குழுவில் யாரும் யாரையும் அதைக் கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. இட்லி, மாத்திரை, பேப்பர். பத்து மணிக்கு பால்கனி நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"மோகனா, இங்க செத்த வா."

கூப்பிடுகிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டுப் போனாள்.

"உக்காரு. ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"இந்தப் பெட்டிய எடுத்துரலாமா?"

முதல் நூறு நாளில் இதற்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கெஞ்சியிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள், டாக்டரை இழுத்திருக்கிறாள். எந்தப் பதிலும் சாயங்காலம் வரைக்கும்கூட நிற்காது என்று தெரிந்த பிறகு பதிலுக்காக மெனக்கெடுவதை விட்டுவிட்டாள்.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்கறீங்க."

"நல்லாத்தான் இருக்கறேன். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்குது. நேத்தைய நெனச்சுப் பாத்தா, காபி குடிச்சேன், ரேவதி போன் பண்ணுனா, முருங்கக்காச் சாம்பார். அவ்வளவுதான். ஆரோ வாசக் கூட்டிக் கோலம் போட்டு வெச்சாப்ல இருக்குது. ஒரு நாளுன்னா அப்பிடியா இருக்கும்? நீதான் பொறுக்கி வெக்கறன்னு தெரியும். நான் தப்புச் சொல்லல."

"பின்ன என்னங்க?"

"கல்யாணமாயி முப்பது வருசத்துல நீ என்னைத் திட்டாத நாளே கெடையாது. பெட்டி வெச்சதுக்கு அப்புறம் ஒரு வார்த்த திட்டுன ஞாபகம் இல்ல எனக்கு. திடீர்னு அத்தன பொறும உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

அவள் அவர் மடியில் இருந்த பேப்பரை எடுத்து மடித்தாள்.

"எடுத்துட்டா நான் எப்பிடி ஆவேன்னு பெட்டி வெச்ச புதுசுலயே நீ சொல்லியிருக்கற. இருவது நிமிசத்துக்கு ஒருக்கா எல்லாம் போயிரும். சரி, போவட்டும். அந்த இருவது நிமிசமும் முழுசா என்னுதா இருக்குமில்ல? ஆரும் எடுத்துக் குடுத்ததா இருக்காது."

மோகனப்பிரியாவுக்குக் கண்ணீர் வந்தது. இப்போதெல்லாம் அது துக்கத்தினால் வருவதில்லை, களைப்பினால் வருகிறது. நாளைக்கும் இதே நாற்காலி, இதே கேள்வி, இதே பதில் என்று நினைத்தால் கண் தானாக நனைந்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு சாதிக் வந்தான். பெட்டிகளைப் பராமரிக்கும் அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு முறை வருகிறவன். முப்பது வயசுக்குள் இருக்கும், பேச்சு வேகம், கை அதைவிட வேகம். நவநீதனின் காதுக்குப் பின்னால் கருவியை வைத்துப் பார்த்தான், பேட்டரி நன்றாக இருக்கிறது என்றான். பிறகு ஹாலுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்குங்க, மாசாமாசம் கேக்கறதுதான். சார் எப்பவாவது பெட்டி வேண்டாம்னு சொன்னாருங்களா?"

"இல்லீங்க தம்பி."

"இல்லீன்னு போட்டுர்றேன்." தட்டினான். "போன வாரம் கவுண்டம்பாளையத்துல ஒரு வூட்ல எடுத்துட்டாங்கக்கா. அதுக்கு ஏழு நாள் கணக்கு இருக்குது. ஒரு அதிகாரி தெனமும் வீடியோல கூப்புட்டுக் கேப்பாங்க. ஏழு நாளும் தொடர்ந்து வேண்டாம்னு சொல்லோணும். அதோட, நேத்தும் இதையே சொன்னேன்னு அவருக்கே ஞாபகம் இருக்கோணும். நடுவுல ஒரு நாள் மறந்துட்டாரு, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கோணும்."

"அப்படியா வெச்சிருக்கறாங்க?"

"கோவத்துல ஒரு நாள் சொல்லிட்டா எடுத்துட்டுப் போயிரக் கூடாதில்லீங்களா. அவங்கவங்க தீர யோசிச்ச முடிவான்னு பாக்கோணும். நல்ல சட்டந்தான்."

நல்ல சட்டம்தான். அவளுக்கு அது பதினான்கு மாதமாகத் தெரியும். அதனால்தானே ஞ வந்தது. ஒரு மனிதன் நானூறு நாளும் ஒரே முடிவைத் தீர யோசித்து எடுத்திருக்கிறான், சட்டத்தின் கணக்கில் அவன் இன்னும் முதல் நாளையே தாண்டவில்லை. குற்றவாளி என்ற வார்த்தை அவள் மனசுக்குள் அவ்வப்போது வரும். வந்தால் வரட்டும் என்று அரிசியைக் களைந்துகொண்டிருப்பாள்.

"புது வெர்ஷன் போட்டிருக்கறேனுங்க," என்றான் சாதிக். "வேகமா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, உங்க ஷார்ட்கட் பட்டியல் இதுல தானா ஏறாது. பழச தனியா காப்பி பண்ணி வெச்சிருக்கறேன். நீங்களே ஒருக்கா ஏத்திக்கோங்க. அது வரைக்கும் எல்லா விசையும் கம்பெனி வெச்ச மாதிரிதான் இருக்கும்."

குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அவள் "சரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்க ஓடினாள். காது வாங்கியதை மனசு வாங்கவில்லை.

இரண்டரை மணிக்கு அவர் தூங்கியதும் வந்து உட்கார்ந்தாள். திரை கருப்பாக இருந்தது, வரிகள் வரிகளாக இருந்தன. வழக்கம்போல முதலில் ஞ. அவள் தேடும் பெயரே முதல் வரியாக நின்றது. புது வெர்ஷனில் வந்திருந்த யோசித்துத் தேடும் வசதி, அவள் அடிக்கடி தொடும் பெயரைத் தானே முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தது. கீழே பச்சையில் 'முடிந்தது' என்று வந்தது. மற்ற விசைகள் ஒவ்வொன்றாக முரண்டு பிடித்தபோதுதான் பட்டியல் ஏறவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. சாதிக் சொன்னது அரைகுறையாக ஞாபகம் வந்து, பழைய பட்டியலைத் தேடி எடுத்து ஏற்றி, மீதியை முடித்தாள். முதலில் அழுத்திய ஞ அப்போது என்ன செய்தது என்று அவள் யோசிக்கவில்லை. சுண்டு விரல் தன் வேலையை முடித்துவிட்டால் அந்த விஷயம் அவளுக்கும் முடிந்துவிடும். பதினான்கு மாதமாகப் பழகிய பழக்கம் அது.

மறுநாள் பத்து மணி ஆயிற்று. கூப்பிடுவார் என்று காத்திருந்தாள். பதினொன்றரையும் ஆயிற்று. எட்டிப் பார்த்தாள். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க, ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நேத்து நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எதைச் சொல்றீங்க?"

"பெட்டிய எடுத்துரலாமான்னு கேட்டேனே. நீ கண்ணத் தொடச்சுட்டு உள்ள போயிட்ட. ராத்திரி அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். நான் எனக்கு என்ன வேணும்னு மட்டுமே பாத்திருக்கறேன். உன் மொகத்த அப்பத்தான் பாத்தேன். இன்னைக்குக் கேக்கல. நாளைக்கு எப்பிடியோ, தெரியாது. இன்னைக்குக் கேக்கல."

அவள் விறுவிறுவென்று ஹாலுக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். நேற்றைய துண்டு அங்கேயே இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு. கம்பெனிக்காரன் ஞ என்ற விசைக்குக் கொடுத்திருந்த வேலை அது. நிரந்தரமாக்கு. பூட்டியதை உரியவரைத் தவிர வேறு யாரும் தொட முடியாது என்று கீழே எழுதியிருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் அவர் கேட்டதை அழித்தபோது, தான் அழுததையும் சேர்த்தேதான் அழித்திருக்கிறாள். அவள் அழுகையை ஒருநாள்கூட அவர் மறுநாளைக்கு எடுத்துப் போனதில்லை. எடுத்துப் போன முதல் நாளே கேட்கவில்லை. நானூறு நாள் சுமந்த ஒன்று, ஒரே ஒரு நாள் சும்மா விட்டிருந்தால் இறங்கியிருக்குமோ என்று நினைத்தாள்.

நவநீதன் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தார்.

"மோகனா, நேத்துதான் மொதத் தடவையா கேட்டனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பதினான்கு மாதமாக எத்தனையோ சொல்லியாயிற்று, இதுவும் ஒன்று. ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவளிடம் அது மிச்சமில்லை.

"இல்லீங்க. தெனமும் கேட்டீங்க."

"தெனமும்னா?"

அவள் ஞவை வைத்து அழித்தவற்றின் பட்டியலைத் திறந்தாள், சேர்க்காமல் விட்டவை அதில் வராது. உள்ளே இருந்தது போய்விடும், பெயரும் நேரமும் மட்டும் நிற்கும், அந்தக் கணக்கை யாரும் துடைக்க முடியாது. நானூற்றுப் பதினொன்று என்று மேலே இருந்தது. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'காலை 10.02, பால்கனி, பெட்டியை எடுக்கக் கேட்டது.' 'காலை 10.05, பால்கனி, பெட்டியை எடுக்கக் கேட்டது.' நடுநடுவே வேறு சிலவும் இருந்தன. 'மாலை 6.20, மோகனா, கத்தியது.' 'காலை 9.15, மோகனா, தட்டை வீசியது.' அதையெல்லாம்கூட விடாமல் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். யாராவது ஒருத்தர் அவளைப் பார்த்து நீ செய்தது அநியாயம் என்று வாய்விட்டுச் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடலாம். அவர் திட்டவில்லை.

"நீ எப்ப மத்தியானத்துல படுத்த கடைசியா?"

"அது எங்கீங்க ஆவுது. நீங்க தூங்கறப்பத்தான எனக்கு இந்த வேல."

"இன்னைக்குப் போய்ப் படு. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு இது..."

"மெஷினுக்கே புரோகிராம் எழுதுனவன்டி நான். நாலு விசை தெரியாதா எனக்கு. போ."

அவள் போய்ப் படுத்தாள். கதவு வழியாக விசைகளின் சத்தம் கேட்டது, இரண்டு விரலால், நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். எழுந்தபோது மணி ஐந்து. அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து முகம் கழுவி வந்ததும் காபி கொடுத்தாள். குடித்தார். கொஞ்சம் சர்க்கரை தூக்கல் என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நின்றதில் டம்ளர் காலியானதுதான் மிச்சம்.

"மத்தியானம் பாத்தீங்கல்ல... அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

"எதப் பாத்தேன்?" என்றார். நடிப்பு இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் நடித்தால் தெரியும். "நீ தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கற. நல்லதுதான். நேத்து நான் அப்பிடிக் கேட்டதுல இருந்து உன் மொகமே சரியில்ல."

டம்ளரை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். பட்டியலைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. கடைசி வரி புதிது. 'பகல் 11.40, ஹால், மோகனா, அழித்தவற்றின் பட்டியலைப் படித்தது.' அழித்தவர் என்ற இடத்தில் எப்போதும் அவள் பெயர் இருக்கும். இதில் 'உரியவர்' என்று இருந்தது.

பூட்டிய துண்டை அவரால் திறந்து அழித்திருக்க முடியும். அதைத் தொடவில்லை. அவர் கேட்டதும் அவள் அழுததும் இருந்தன. அவள் செய்தது மட்டும் இல்லை. அவளோடு அதே வீட்டில், அதே காபியைக் குடித்துக்கொண்டு இருப்பதற்கு எது இடைஞ்சல் என்று பார்த்து, அதை எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். மன்னித்தாரா என்று கேட்க இப்போது ஆளில்லை. மன்னித்தவர் இரண்டரை மணியோடு போய்விட்டார். மோகனப்பிரியா அங்கேயே நின்று சத்தமில்லாமல் அழுதாள். இந்தத் தடவை களைப்பினால் இல்லை.

வியாழக்கிழமையும் அவர் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடியைத் தேடினார். காலையில் மூன்று தடவை தேடினார். மூன்றாவது தடவை, தலையில்தான் இருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "உங்களோட என்னால மாரடிக்க முடியல, எங்கியாச்சும் தொலஞ்சு போறேன் நான்" என்று கத்திவிட்டாள். அவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றார்.

மதியம் திரை முன்னால் உட்கார்ந்தபோது முதல் வரியே அதுதான். 'காலை 9.30, மோகனா, கத்தியது.' நேற்றுத்தான் அத்தனையும் நடந்தது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று நேற்று இரவு சாமி முன்னால் நின்று நினைத்தும் இருந்தாள். அதெல்லாம் தலைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. இதே மாதிரி எத்தனையோ கத்தல்களையும் ஞவை வைத்துத்தான் துடைத்திருக்கிறாள். அந்த வரியில் நின்றபடி சுண்டு விரல் எட்டிப் போய் அழுத்திவிட்டது.

அழியவில்லை. திரையின் அடியில் ஒரு கேள்வி வந்து நின்றது. கேள்வி கேட்காதே என்று அவள் எழுதி வைத்திருந்த வரியை யாரோ எடுத்துவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியையும் தன் கையாலேயே எழுதியிருந்தார்கள். கம்பெனிக்காரனின் 'அழிக்கவா?' அல்ல.

'மோகனா, நான் உள்ளதான் தூங்கறேன். எழுப்பி ஒரு வார்த்த கேட்டுட்டு அழி.'

கீழே ஆம், இல்லை என்று இரண்டு இருந்தன. ஆம் என்று தட்டினால் போய்விடும். எழுதியதை அவர் நாற்பதில் சேர்க்கவில்லை, எழுதியவருக்கே எழுதியது ஞாபகம் இல்லை. அவள் தட்டினாலும் தட்டாவிட்டாலும் கேட்கப்போவது யாருமில்லை. எழுப்பினால், காலையில் கத்தியதை அவரிடமே சொல்லி, அதை மறக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். இதற்கு முன்னாலும் இப்படி அழித்தாயா என்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு பெட்டி வேண்டாம் என்று அவர் சொன்னால், இந்தத் தடவை அது ஏழில் முதல் நாள். நாளைக்கு இரண்டு.

திரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, செத்த எந்திரிங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."